ரேகை முளைக்கப் பன்னிரண்டு நாள்

பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. பத்துக்கும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

பர்மிட் அலுவலகத்தின் மூன்றாம் கவுன்ட்டரில் இருந்தவர் கெட்டவர் இல்லை. ஈரத்துணி கொடுத்தார், அழுத்தி வைக்கச் சொன்னார், அழுத்தாமல் வைக்கச் சொன்னார், தன் கைக்குட்டையால் மெஷினைத் துடைத்தும் பார்த்தார். கடைசியில் அந்த ஊர் மொழியில் ‘இல்லை’ என்றார். இரண்டு வருஷத்தில் அந்த மொழியில் அவள் முதலில் கற்றதும் அடிக்கடி கேட்டதும் அந்தச் சொல்தான். இரண்டு விரலாவது பதிந்தால்தான் நாட்டை விட்டு வெளியே போக அனுமதி. பன்னிரண்டு நாள் கழித்து இன்னும் ஒரே ஒருமுறை வரலாம். அன்றைக்கும் பதியவில்லை என்றால் ஊருக்குப் போகிற எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

இப்போது விட்டால் அடுத்த வாய்ப்பு இரண்டு வருஷம் கழித்து. மெஷின்களைப் பழுது பார்க்கத் தொழிற்சாலையைப் பத்து நாள் மூடும்போதுதான் லீவு, அதுவும் ஒப்பந்தம் முடிகிற வருஷத்தில் மட்டும். அவள் கிளம்பி வந்தபோது மகளுக்கு ஒன்றரை வயது. இப்போது மூன்றரை. இன்னும் இரண்டு வருஷம் போனால் அந்தப் பிள்ளைக்கு அம்மா என்பவள் போனுக்குள் இருக்கிற ஓர் ஆள் என்றே ஆகிவிடும். ஏற்கெனவே பாதி அப்படித்தான். போன வாரம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, தூக்கம் வந்த பிள்ளை அப்பாவிடம், "அம்மாவ ஆஃப் பண்ணிடவா?" என்று கேட்டது. புருஷன் சிரித்தான், அவளும் சிரித்தாள்.

அவளை எல்லாரும் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். போன் செய்கிற தொழிற்சாலையில் வரிசையின் கடைசி இடம் அவளுடையது. முன்னால் இருப்பவர்கள் கோர்த்து, திருகி, ஒட்டி அனுப்பியதை இவள் துடைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவள் பெட்டியில் போட வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு கண்ணாடி. துடைக்கிற திரவத்தை எல்லாரும் மருந்து என்றார்கள்; அதனால் எந்த நோயும் தீர்ந்ததாகத் தெரியவில்லை. பதினோரு மணி நேரத்துக்கு இரண்டு ஜோடிக் கையுறை தருவார்கள். ஒரு ஜோடி ஒரு மணி நேரம் தாங்கும். கிழிந்த கையுறை கண்ணாடியில் கோடு போடும் என்பதால் மிச்ச நேரம் வெறுங்கைதான். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தன்னையே துடைத்துக்கொண்டாள் என்று அழகாகச் சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கையுறை தரவில்லை, ரேகை போய்விட்டது, அவ்வளவுதான்.

விடுதி அறையில் எட்டுக் கட்டில். அவளுக்குப் பக்கத்துக் கட்டில் பெட்டிக்காரி. வேலையிலும் அவள்தான் பக்கத்து ஆள்; அட்டையை மடித்துப் பெட்டியாக்குவது அவள் வேலை. வாய் ஓயாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் வருத்தப்படவும் தெரியாது.

"என்னடி, பேயடிச்ச மாதிரி வந்து நிக்கற?"

கண்ணாடிக்காரி எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆபீஸ்ல சொல்லி வேற வேலை கேளேன்."

"கேட்டா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. அவரு தோல் வியாதின்னு எழுதிட்டா அடுத்த ஒப்பந்தமே கெடையாது. ஒட்டற எடத்துல இருந்தாளே, அவள மறந்துட்டியா?"

யாரும் மறக்கவில்லை. அவள் கட்டில்தான் இன்னும் காலியாகக் கிடந்தது.

பெட்டிக்காரி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஒண்ணு பண்ணு. என் எடத்துக்கு வந்துடு. அங்க மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. வெறும் அட்டை. உன் கண்ணாடிய நான் துடைக்கறேன்."

"உன் விரல் போயிடும்டி."

"நான் ஊருக்குப் போக இன்னும் ஆறு மாசம் இருக்கு. அதுக்குள்ள முளைக்காதா? முடி முளைக்கல?"

ஆள் மாறுவது அங்கே பெரிய காரியம் இல்லை. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, வாய்க்கு மாஸ்க், தலைக்கு நீலத் தொப்பி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். அடையாள அட்டையை மாற்றி மாட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே சந்தேகம் வரும். லைன் லீடருக்கு மட்டும் மஞ்சள் தொப்பி. அந்த அம்மாளுக்கு முதுகுக்குப் பின்னால் மீட்டர் என்று பெயர். வண்டி நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். "எத்தன? எத்தன ஆச்சு?" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஐந்து நாள் கண்ணாடிக்காரி பெட்டி மடித்தாள். வேலை முடிந்ததும் களிம்பு தடவி, கைக்குக் காலுறை மாட்டிக்கொண்டு படுத்தாள். தட்டு கழுவ மற்றவர்கள் விடவில்லை. துணி துவைக்கவும் விடவில்லை. "மகாராணி, கைய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று கேலி வேறு. இரண்டு வருஷத்தில் யாரும் அவளை அப்படித் தாங்கியதில்லை. அதுவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. தினமும் காலையில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்து படாததால் எரிச்சல் குறைந்திருந்தது. அதனால் தேறிவிட்டது என்று நம்பினாள்.

ஐந்தாம் நாள் தேநீர் இடைவேளையில், ஜன்னல் கண்ணாடியில் வாயால் ஊதி, அந்த ஆவி மேல் விரலை வைத்தாள். வட்டமாக ஒரு தடம் விழுந்தது. உள்ளே ஒரு கோடுகூட இல்லை. முன்பாவது ஓரத்தில் இரண்டு கோடு இருந்தது.

திருகாணி முடுக்குகிறவள் எட்டிப் பார்த்தாள். "அட்டையில தேய்ச்சா அப்படித்தான் ஆகும். சொரசொரன்னு உப்புத்தாள் மாதிரி இருக்குமே அது. ஏண்டி, உனக்குத் தெரியாதா?" என்று பெட்டிக்காரியைக் கேட்டாள்.

பெட்டிக்காரிக்குத் தெரியாது. ஒன்றரை வருஷமாக ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பெட்டி மடிக்கிறவள், தன் விரலை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. பக்கத்தில் ஊதி, தன் கட்டை விரலை வைத்தாள். அவள் தடமும் மொழுமொழுவென்று வெறுமையாக இருந்தது.

பிறகு ஒவ்வொருத்தியாக வந்து ஊதினார்கள். பதினோரு பேர். ஒட்டுகிறவள், திருகுகிறவள், படலம் உரிக்கிறவள். போன மாதம் வந்தவளுக்கு மட்டும் பாதி ரேகை மிச்சம் இருந்தது. எதையோ தொலைத்தவர்கள் தரையைப் பார்ப்பது போல எல்லாரும் தங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லது பண்றேன்னு அஞ்சு நாளா உன்ன உப்புத்தாள்ல தேய்ச்சிருக்கேன்டி. உம் பொண்ணு மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?" இந்த முறை ஐந்து நிமிஷம் கடந்தும் அவள் அழுகை நிற்கவில்லை. கண்ணாடிக்காரிதான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. பயம்தான் வந்தது. இன்னும் ஏழு நாள்.

"இடைவேளை முடிஞ்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு," என்று சொல்லிக்கொண்டே மீட்டர் வந்தாள். ஜன்னலைப் பார்த்து நின்றாள். "என்ன இது?"

மறைத்து என்ன ஆகப்போகிறது. திருகாணிக்காரி, ஆள் மாறியது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேலை போயிற்று என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். புதிதாக வந்தவளுக்கு அந்தப் பயமெல்லாம் இன்னும் பழகவில்லை. "நீங்களும் வைங்கக்கா," என்றாள்.

மீட்டர் யோசிக்காமல் ஊதி விரலை வைத்தாள். வட்டத்துக்குள் வட்டமாக, ஒரு கோடு விடாமல் அத்தனையும் பதிந்தது. ஐந்து வருஷமாக எண்ணிக்கை எழுதுகிற போர்டும் பேனாவும் மட்டும் பிடித்த கை. பசித்தவர்கள் நடுவே தனியாகச் சாப்பிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அன்று மாலை வரை எண்ணிக்கையே கேட்கவில்லை.

மறுநாள் காலை உடை மாற்றுகிற அறையில் மீட்டர் தன் மஞ்சள் தொப்பியைக் கழற்றிக் கண்ணாடிக்காரியிடம் நீட்டினாள்.

"போட்டுக்கோ. போர்டப் புடிச்சுக்கிட்டு நட. எதையும் தொடாத."

"நீங்கக்கா?"

"உன் எடத்துல நான்."

"மேனேஜர் பாத்தா உங்க வேலையே போயிடும்க்கா."

"பாத்தா பாத்துக்கலாம். நேரமாச்சு, நட."

கண்ணாடிக்காரி நடந்தாள். முதல் நாள் கால் பின்னியது. மீட்டர் நடப்பது போல விறைப்பாக நடக்கப் பார்த்தாள். பெட்டிக்காரி மாஸ்குக்குள் சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது. அதட்டத் தெரியாததால் சும்மா நடந்தாள். மத்தியானம் மேனேஜர் வந்து எண்ணிக்கை கேட்டார். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். போர்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் படித்துவிட்டு, வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்று வரிசை ரொம்ப அமைதியாக இருக்கிறது, நல்லது என்று சொல்லிப் போனார். அன்றைக்கு எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஐந்து வருஷம் போட்ட கூச்சல் எதற்கு என்று மீட்டரே அன்று யோசித்திருப்பாள்.

ஆனால் யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை. முதல் நாள் நாற்பது நிமிஷத்தில் அவள் கையுறை கிழிந்தது. இரண்டாம் நாள் தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். மூன்றாம் நாள் இடைவேளையில் மஞ்சள் தொப்பியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். ஆளுக்கு இரண்டு ஜோடிதான் விதி என்று ஸ்டோர்காரர் சொன்னாராம். இவள் இரண்டு கையையும் விரித்து அவர் மேஜை மேல் வைத்துவிட்டு நின்றாளாம். திரும்பி வரும்போது கக்கத்தில் ஒரு முழுப் பெட்டிக் கையுறை இருந்தது. பதினோரு பேருக்கும் பிரித்துக் கொடுத்ததில் நாலே நாளில் தீர்ந்தது. மறுபடி கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டாம் நாள் காலையில் கண்ணாடிக்காரி அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு பர்மிட் அலுவலகத்துக்குப் போனாள். அதே கவுன்ட்டர், அதே ஆள். வலது கையில் ஐந்தும் சிவப்பு. இடது கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மூன்றும் சிவப்பு. மோதிர விரலை வைத்தபோது விளக்கு கொஞ்சம் தயங்கிப் பச்சையானது. கவுன்ட்டர்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். சுண்டு விரலும் பச்சை. அவர் முத்திரை குத்திய சத்தத்தில் பக்கத்துக் கவுன்ட்டர்காரர் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போதும் அவள் கம்பியைப் பிடிக்கவில்லை. பழக்க தோஷம். குலுங்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் மேல் விழுந்து, சிரித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கியை மாட்டிக்கொண்டு நேராக வரிசைக்குப் போனாள். மீட்டர் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் கையுறை இல்லை.

"பதிஞ்சிடுச்சுக்கா. ரெண்டு விரலு. நகருங்க, என் எடத்த நான் பாத்துக்கறேன்."

பெட்டிக்காரியின் கை ஒரு நொடி நின்றது. மீட்டர் கை நிற்கவில்லை. "ஃப்ளைட் என்னிக்கு?" என்றாள்.

"மூணு நாள் இருக்கு."

"அப்ப மூணு நாளும் போர்டப் புடிச்சுக்கிட்டு நட."

"அதான் பர்மிட் கெடச்சாச்சேக்கா. இனிமே எதுக்கு?"

மீட்டர் ஒரு கண்ணாடியைத் துடைத்து முடித்து, பக்கத்தில் தள்ளிவிட்டு, அப்புறம்தான் திரும்பினாள். மாஸ்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "நேத்து மொகம் கழுவறப்ப என் கன்னத்த நானே தொட்டேன். கன்னம் எரியுது, விரலுக்கு ஒண்ணுமே தெரியல. யாரோ தொடற மாதிரி இருந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சுப் புள்ளையத் தூக்கப் போற. மெஷினுக்குக் காட்டறதுக்கா இத்தன பேரு இவ்வளவு பண்ணோம்? புள்ளையத் தொட்டா உனக்குத் தெரியணும்ல. போ, வேலையப் பாரு."

கண்ணாடிக்காரி போர்டை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கண்ணீர் மாஸ்குக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கியவள், விரலைப் பார்த்துவிட்டு, தோளிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெட்டிக்காரி தலை நிமிராமல், கடந்து போகிறவளின் காலைத் தன் காலால் லேசாகத் தட்டினாள். அந்த மூன்று நாளும் அவள் எதையும் தொடாமல் நடந்தாள்.