என்ன குறைச்சல்?

“இந்த வீட்டுல உனக்கு என்னம்மா குறைச்சல்? அதை முதல்ல சொல்லிட்டுப் போ!”

வாசற்கதவை மறித்து நின்றாள் மாமியார். செருப்பில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று நின்றாள் மருமகள். பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. பேருந்து நிறுவனத்தில் வண்டிகளுக்கு நேர அட்டவணை போடும் வேலை. கல்யாணத்துக்கு முன்பு அவள் செய்த வேலைதான்.

“ஒரு குறையும் இல்லீங்க அத்தை. எனக்கு அந்த வேலை பிடிக்கும், அவ்வளவுதான்.”

மாமியார் நம்பவில்லை. கணவன் பாதி முகம் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தான். “எதுக்கு வேலைன்னு கேட்டா, வீட்டுல பொழுது போகலைன்னு சொல்லு. கஷ்டம் கிஷ்டம்னு சொல்லி என் மானத்தை வாங்கிடாதே.”

தேர்வு அறையில் இரண்டு அதிகாரிகள், ஒரு அதிகாரி அம்மாள். அவளுக்கு முன்னால் உள்ளே போன இளைஞனிடம் எப்போது வேலைக்குச் சேர முடியும் என்று மட்டும்தான் கேட்டார்களாம். வெளியே வந்தவன் சொல்லிச் சிரித்தான்.

“வீட்டுல ஏதாச்சும் கஷ்டமா?” என்று பரிவோடு ஆரம்பித்தார் தலைமை அதிகாரி.

“இல்லை சார்.”

“வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சா?”

“நல்லா இருக்காரு சார்.”

“குடிப்பாரோ?”

“மோர் குடிப்பாரு.”

அதிகாரி அம்மாள் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைமை அதிகாரிக்கோ பரிதாபப்பட ஓர் இடம் கிடைக்காத எரிச்சல். “அப்புறம் எதுக்கும்மா வேலை?”

“பிடிச்சிருக்கு சார்.”

கூடாத வார்த்தை காதில் விழுந்தாற்போல் ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி அம்மாள்தான் முதன்முறையாக வேலையைப் பற்றிக் கேட்டாள்: “மழையில வண்டியெல்லாம் தாமதமானா என்ன பண்ணுவீங்க?”

அவ்வளவுதான். மருமகள் மேசைமேலிருந்த பேனாக்களையே வண்டிகளாக்கி, எதை நிறுத்துவது, எதைத் திருப்பிவிடுவது என்று நகர்த்திக் காட்டினாள். தலைமை அதிகாரியின் பேனாவும் போய்விட்டது. அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. கணவன் எடுத்தான். “உங்க மனைவியைத் தேர்ந்தெடுத்திருக்கோம். உங்களுக்குச் சம்மதம்தானே?”

கணவனின் நெஞ்சு நிமிர்ந்தது. “நான்தான் சார் அவளை அனு…”

அவள் மெதுவாக அவன் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள். “வணக்கம் சார். வேலை எனக்குத்தானே? எனக்குச் சம்மதம். திங்கட்கிழமை வந்துடறேன்.”

கணவன் தொண்டையைக் கனைத்தான். “சரி, போ. சாயங்காலம் நான் வர்றப்ப டீ யார் போடுவா?”

“நீங்கதான். உங்க பஸ் என் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே வந்துடும்.”

கணவன் ஆதரவு தேடித் தன் அம்மாவைப் பார்த்தான்.

“எனக்குச் சர்க்கரை கம்மியா போடுடா” என்றாள் அம்மா.