ரெண்டாள் பாய்

1

இந்தக் கதை ஓர் அறிவிப்புத் தாளிலிருந்து வந்தது. அதை மறைத்துப் பயனில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையின் மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்: 'யோகாசன வகுப்பு. செவ்வாய், வெள்ளி, காலை ஐந்தே முக்கால். வெறும் வயிற்றுடன் வரவும். சொந்தப் பாய் கொண்டுவரவும்.'

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு

(இந்த வாக்கியம் வேண்டாம். கதை அய்யாவுவுடையது.)

2

அய்யாவுவுக்கு வயது இருபத்தெட்டு. மலாயா ரயில்வே சரக்கு ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. வருடம் 1936. மனைவி இறந்து பதினோரு மாதம்.

முதல் வரைவில் அவள் உயிரோடு இருந்தாள். அவன் பாயைச் சுருட்டும்போது கதவருகே வந்து கேலியாக ஏதாவது சொல்ல வேண்டும். மூன்று நாள் பேனாவோடு காத்திருந்தேன். அவள் வாய் திறக்கவில்லை. ஆகவே, பதினோரு மாதம்.

அவளுக்குப் பெயரும் இல்லை. மூன்று பெயர்கள் எழுதி அடித்துவிட்டேன்.

3

தொடக்கம், ஒன்று: 'கீழ்வானம் சிவந்து' – இல்லை. அந்த நேரத்துக்கு இங்கே இருட்டு.

தொடக்கம், இரண்டு: 'அய்யாவு மாடிப்படியில் நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தான்.'

இது பரவாயில்லை. உண்மையில் இரண்டு முறை பாதிப் படி இறங்கிவிட்டான். பயம் ஆசனத்தைப் பற்றியதல்ல, பனியனைப் பற்றியது. முதுகில் ஓர் ஓட்டை. குனிந்தால் தெரியும். குனிவதைத் தவிர அங்கே வேறென்ன வேலை?

மேலே நான்கு பேர் இருந்தார்கள். சொல்லிக்கொடுப்பவர் முத்துக்குமாரு. யாழ்ப்பாணத்தார், சர்வே ஆபீஸில் படம் வரைபவர், அய்யாவுவைவிட ஒரு வயது இளையவர்.* அய்யாவு பாயை விரித்தான். அது விரிந்துகொண்டே போனது.

"என்ன ஐசே, இவ்வளவு பெரிய பாய்? வீட்டுக்காரியும் வாறாவோ?" என்றார் முத்துக்குமாரு. யாரையும் அவர் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

எல்லாரும் சிரித்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. அய்யாவுவும் சிரித்தான்.

"கடையில இதான் இருந்துச்சு," என்றான்.

பொய். கிள்ளான் பாசாரில் ஒரு மலாய்க்காரம்மாவிடம் அரை மணி நேரம் பேரம் பேசி மனைவி வாங்கியது. மெங்குவாங் என்னும் தாழையோலையில் முடைந்தது, ரெண்டாள் அகலம்.

இடது பாதியில் உட்கார்ந்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வலது பாதியில் வைத்தான், அங்கே பார்த்துக்கொள்ள யாரோ இருப்பதுபோல.

* முத்துக்குமாருவுக்குக் குரு கிடையாது. சென்னையிலிருந்து தபாலில் வந்த ஒரு படப்புத்தகம்தான். வகுப்பைவிட மூன்று பக்கம் முன்னால் இருந்தார். "நாலாம் பக்கத்தைக் கேக்காதையும். எனக்கே தெரியாது."

4

கால்விரலைத் தொடச் சொன்னார்கள். அய்யாவுவின் கை முழங்காலோடு நின்றுவிட்டது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். சுவரில் போய்ச் சாய்ந்தான், தோளெல்லாம் சுண்ணாம்பு. மூச்சை எண்ணச் சொன்னார்கள். ஏழில் மறந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

[இங்கே உடலையும் மனத்தையும் பற்றி ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்.]

கீழே இறங்கியதும் பசித்தது.

பதினோரு மாதமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். பசித்ததில்லை. மூலைக்கடை வீரம்மாவிடம் நான்கு தோசை தின்றுவிட்டு இன்னும் இரண்டு கேட்டான்.

"என்ன தம்பி, மேல மூட்டை தூக்க வெச்சாங்களா?"

"ஒத்தக் கால்ல நிக்க வெச்சாங்கக்கா."

"அதுக்கே ஆறு தோசையா? ரெண்டு கால்லயும் நின்னா என் கடை தாங்காதுலா!"

5

மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை.

"ஐசே, வெள்ளிக்கிழமை இன்னும் ஆக்கள் வருகினம். இடம் காணாது. ஒண்டில் பாயை வெட்டும், இல்லாட்டி சின்னனா ஒண்டு வாங்கும்," என்றார் முத்துக்குமாரு.

அன்று மாலை அய்யாவு பாயை விரித்து, பக்கத்தில் கத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

'வெட்டினான்' என்று எழுதினேன். காகிதத்தில் அது சுலபம், ஒரே சொல். பிறகு எழுந்து என் அறைக்குள் போய் அங்கிருக்கும் பாயைப் பார்த்துவிட்டு வந்து, அந்தச் சொல்லை அடித்தேன்.

'புதிது வாங்கினான்.' வாங்கலாம். அதை விரித்த பிறகு பழையதை எங்கே வைப்பான்?

'வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான்.' அப்படியானால் அந்தப் பசி? திரும்பி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதை அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அதே பாயோடு போனான். முத்துக்குமாரு தலையில் அடித்துக்கொண்டார்.

6

வகுப்பு தொடங்கிவிட்டது. ஒன்பது பேரும் ஒற்றைக் காலில். அப்போது பாலன் படியேறி ஓடிவந்தான். லோரி ஓட்டுகிறவன், இன்றுதான் முதல் நாள். கையில் பாய் இல்லை. பனியனில் அவனுக்கு இரண்டு ஓட்டைகள். அறையில் காலியாக இருந்தது ஒரே இடம், அய்யாவுவின் பாயில் மூக்குக்கண்ணாடி வைத்திருந்த வலது பாதி.

"அண்ணே, இந்தப் பக்கம் ஆளிருக்கா?"

'இருக்கு' என்று அய்யாவுவைச் சொல்ல வைத்தேன். பாலன் படியிறங்கிப் போய்விட்டான். அன்று அய்யாவு பாதித் தோசையோடு எழுந்துவிட்டான். அந்தத் தாளைக் கிழித்தேன்.

'இல்லை' என்று சொல்ல வைத்தேன். பாலன் உட்கார்ந்தான். அய்யாவு மெல்ல

இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. நான் இன்னும் அந்த வகுப்பில் சேரவில்லை. பாதிப் படிவரை போயிருக்கிறேன்.

ஆகவே இப்படியே விடுகிறேன். அய்யாவு காலை ஊன்றி, குனிந்து, மூக்குக்கண்ணாடியில் கை வைத்திருக்கிறான். முழங்கால் மடங்காமல் கை பாய்வரை எட்டியிருக்கிறது. அதை அவன் கவனிக்கவில்லை. கண்ணாடியைத் தன் பக்கம் எடுத்துப் பாலனுக்கு இடம் விடுவானா, அந்தப் பாதியில் இன்னும் நடுவாகத் தள்ளி வைப்பானா என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

ரொம்ப யோசிக்க வேண்டாம். கீழே வீரம்மாவின் தோசைக்கல் காய்ந்துவிட்டது. மேலே எட்டுப் பேர் இன்னும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறார்கள். முத்துக்குமாரு ஆடத் தொடங்கிவிட்டார்.

"கெதியாச் சொல்லும் ஐசே! கால் நடுங்குது!"