பாதி குடித்த தண்ணீர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஒருவன் எழுதிய ஒரு வரி அவனுக்கு முன்னாலேயே விமான நிலையம் போய்க் காத்திருந்த கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அவனை ஏசாதீர்கள். போதும் போதுமென்கிற அளவுக்கு அவனே தன்னை ஏசிக்கொண்டாயிற்று.

வீரபாண்டி கமுதிப் பக்கத்து எலக்ட்ரீஷியன். துபாயில் அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் ஒன்பது வருஷம். லீவு முடிந்து திரும்பியவனை, துபாய் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார். மூன்று மணி நேரமாயிற்று. காரணம் சொல்லவில்லை. ஊரில் மனைவி ராதிகாவுக்கு ஏழு மாதம். திருப்பி அனுப்பிவிட்டால் வேலை போச்சு. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி பார்த்துவிட்டாள்.

“தமிழா தம்பி? எந்தூரு?”

“கமுதிம்மா.”

“அட, நமக்குக் கீழக்கரை. அஸ்மத் பீவின்னு பேரு. இந்தாங்க, குடிங்க. மூஞ்சி ஏன் இப்படிச் செத்துக் கெடக்கு?”

தண்ணீர் பாட்டிலை வாங்கி மடமடவென்று பாதி குடித்தான்.

அப்போதுதான் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள். அவனுடைய ஃபேஸ்புக் பக்கம், கம்பெனி ஹெல்மெட் போட்ட படத்தோடு. யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். தமிழ் படிக்க ஆள் வேண்டுமென்று அஸ்மத் பீவியையும் அழைத்தார்.

அதிலிருந்த வரி, லீவில் ஊர்ப் பையன்களோடு சேர்ந்து எழுதியது. தமிழில் எழுதினால் அரபிக்காரனுக்கு என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பு. நாற்பத்தேழு லைக். வருஷா வருஷம் கேம்புப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி வரிசையில் முதல் ஆளாக நிற்கிறவன்தான் அதை எழுதினான்.

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தாள்.

“இந்தப் பாய்ங்க கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிச்சாலும் பாவம்.”

குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பாட்டில் வீரபாண்டியின் கையிலேயே இருந்தது. அதையே அரபியிலும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

“நீங்க எழுதுனதான்னு கேக்குறாரு.”

“இல்லம்மா... நடுவுல போன் காணாமப் போயிருந்துச்சு. அப்ப எவனோ எழுதிட்டான்.”

“அப்படியே சொல்லிரட்டுமா, தம்பி?”

ராதிகாவின் வயிறு கண்ணில் நின்றது. தலையாட்டினான்.

அவள் சொன்னாள். அதிகாரி அவளிடமே ஏதோ கேட்டார்.

“உண்மையான்னு என்னயக் கேக்குறாரு. தம்பி அப்படித்தான் சொல்றாருன்னுட்டேன்.”

அதிகாரி தாளை மடித்து வைத்தார். பிறகு அந்த ஃபேஸ்புக் பக்கத்தையே அழிக்கச் சொன்னார். பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு அழித்தான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். இனி ஒரு வரி வந்தாலும் “கலாஸ்”, எல்லாம் முடிந்தது என்று கையால் வெட்டிக் காட்டி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்.

ஓடாத குறையாக வெளியே வந்தான்.

“தம்பி! தண்ணிய விட்டுட்டுப் போறீங்களே. வெளிய வெயிலு.”

இரண்டு கையாலும் வாங்கினான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். கேட்டால், எழுதியது தான்தான் என்று ஆகிவிடுமே! மூடிக்கொண்டான்.

நோன்பு மாதம் வந்தது. கஞ்சி வரிசைக்கு அவன் போகவில்லை. “என்னடா, வயிறு சரியில்லையா?” என்று ரூமில் கேலி செய்தார்கள். குடிக்கவும் முடியாமல் கொட்டவும் முடியாமல், அந்தப் பாட்டில் இன்னும் அவன் கட்டிலடியில் கிடக்கிறது.

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வாசலைத் தாண்டிப் போகிற சொல்லை எந்த ஊரில் யார் வாசித்தாலும், நீங்கள் நிமிர்ந்து நின்று கேட்கும்படி இருக்கட்டும்.