மாதிரி காட்டாத ஸ்டுடியோ

தையல்காரிக்கு நாற்பத்தைந்து வயதில் ஓர் ஆசை வந்தது. தானே தைத்த பட்டு உள்ளுடையில், தனக்கே தனக்கென்று நாலு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் ஆபரேஷன் தழும்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பயமெல்லாம் வேறு. படம் எவன் கைபேசிக்காவது போய்விட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

விஷயத்தை அண்ணன் மனைவியிடம் மட்டும் சொன்னாள். ஒரு சங்கதி கிடைத்தால் மாதக்கணக்கில் கேலி செய்யக்கூடியவள் அண்ணி.

"அடியே, ஊருக்கெல்லாம் அளவெடுத்தது போதாதா?" என்று சிரித்தாள். ஆனால் கைப்பையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாய்க் கிளம்பியதும் அவள்தான்.

முதல் ஸ்டுடியோக்காரர் தேனாய்ப் பேசினார். "நம்ம வேலையைப் பாருங்க மேடம்" என்று கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தார். முகம் இல்லை, வெறும் முதுகு. ஆனால் இறங்கிய அந்த இடது தோளுக்குப் பத்து வருஷமாகப் பஞ்சு வைத்துத் தைப்பவள் இவள்தானே! ஆள் யாரென்று தையல்காரிக்கு உடனே தெரிந்துவிட்டது.

"நாளைக்கு என் முதுகும் இங்கதான்" என்று முணுமுணுத்தபடி எழுந்துவிட்டாள்.

அடுத்த ஸ்டுடியோ ஒரு மாடியில் இருந்தது. இருட்டுப் படிக்கட்டு. முன்னால் போன அண்ணி விறுவிறுவென்று ஏறிவிட்டாள். தையல்காரிதான் உடைந்த படி ஒன்றில் தடுக்கினாள்.

கதவைத் திறந்த போட்டோக்காரி இருவரையும் பொதுவாகப் பார்த்தாள். "வாங்க, யாருக்குப் படம்?"

"எனக்குத்தான். மாதிரி ஏதாவது காட்டுங்க."

"என்னை நானே எடுத்தது இருக்கு, பாருங்க. மத்தவங்க படத்தைக் காட்ட மாட்டேன். எடுத்ததை உங்க கையில குடுத்துட்டு, உங்க முன்னாடியே அழிச்சிடுவேன். எழுதியும் தரேன்."

அண்ணி விடவில்லை. "எங்க தெருவுல யாராச்சும் வந்திருக்காங்களா?"

"வந்திருந்தாலும் சொல்ல மாட்டேங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு அண்ணி. சொன்னபடி நடப்பாளா?" என்று கேட்டுக்கொண்டே வந்த தையல்காரி சட்டென்று நின்றாள். கைப்பையைத் துழாவிக்கொண்டே, கீழே பார்க்காமல், அண்ணி அந்த உடைந்த படியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

"அண்ணி, படி உடைஞ்சிருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணிக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"போன வருஷம் நானும் அதுல தடுக்கினேன்டி. என் படத்துக்காக வந்தப்ப. இன்னிக்கு என்னைத் தெரிஞ்ச மாதிரி ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினாளா அவ?" பிறகு விரலை நீட்டி மிரட்டினாள். "உங்க அண்ணன்கிட்ட மூச்சு விட்டே, தொலைச்சுடுவேன்."

தையல்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்படியே திரும்பி, எந்த நாள் தோதுப்படும் என்று கேட்க மேலே ஏறினாள்.