மோதிர விரல் துளை

கிளாரினெட்டில் அந்த ஒரு சுரம் மட்டும் மக்கர் பண்ணியது. எல்லாத் துளைகளையும் விரலால் மூடினால்தான் பேசுகிற சுரம் அது. அக்கா ஊதினால் முதலில் ஒரு கீச்சு, பிறகு வெறும் காற்று. ஊதுமுனையில் இருக்கும் ரீடை மாற்றிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள், வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தாள். எதற்கும் மசியவில்லை. கடைசியில் கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு தங்கையின் பட்டறைக்கு வந்தாள். வாத்தியங்களைப் பழுது பார்ப்பதுதான் தங்கைக்குத் தொழில்.

வாத்தியத்தில் கோளாறு இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு அந்தப் பட்டறைக்குள் நுழைந்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அக்காவுக்கு அவ்வளவு பயம். அப்பாவின் நோய் வலது கை மோதிர விரலில்தான் ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. வயசாகிவிட்டது என்று சிரித்து மழுப்பினார். கொஞ்ச நாளில் கரண்டியே பிடிக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னதை அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு வாய் திறந்து பேசியதே இல்லை.

"காத்து எங்கயோ லீக் ஆகுது. மூடி ஏதோ சரியா உக்காரல போல," என்றாள் அக்கா.

"கிளாரினெட்டுக்குத்தானே உடம்பு சரியில்ல? உன் மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?" என்று தங்கை கேலி செய்தாள்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன பல்பு ஒன்றைக் குழலுக்குள் இறக்கினாள். விரல் எட்டாத துளைகளை அடைக்கும் மூடி சரியாக உட்காரவில்லை என்றால் இடுக்கில் வெளிச்சம் கசியும். துளைகளைத் தன் விரல்களால் அடைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக்கூடாதா என்று அக்காவின் மனசு கெஞ்சியது. எங்கும் கும்மிருட்டு. தங்கை மறுபடி விளக்கைப் போட்டு, ஒவ்வொரு மூடிக்கு அடியிலும் மெல்லிய தாளைச் செருகி இழுத்துப் பார்த்தாள். எல்லா மூடிகளும் தாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

"நல்லாத்தானே இருக்கு," என்று சொல்லி, தானே எடுத்து ஊதினாள். சுரம் சுத்தமாக வந்தது.

"உன் வாய் வேற, என் வாய் வேற," என்றாள் அக்கா அவசரமாக. "ஸ்பிரிங் எதையாவது மாத்திப் பாரேன்."

தங்கையின் முகத்தில் இப்போது கேலி இல்லை. "எங்க, நீ ஊது," என்றாள்.

கீச்சு. காற்று.

"இன்னொரு தடவ."

இந்த முறை தங்கை அக்காவின் கையையே பார்த்தாள். வலது கை மோதிர விரல் அதன் துளையை மூடியும் மூடாமலும் நின்றது; ஓரத்தில் மயிரிழை இடைவெளி. அக்கா என்னவோ பலமாக அழுத்திக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தாள். தங்கை தன் விரலை அந்த விரல்மேல் வைத்து அழுத்தினாள்.

சுரம் வந்தது. இத்தனை நாள் படுத்திய சுரம், பட்டறை முழுக்க நிறைந்து நின்றது.

தங்கையின் விரல் சில்லிட்டிருந்தது. அவளும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள்தானே. ஊதுவதை நிறுத்தினால் யாராவது பேசியாக வேண்டும். அக்கா மூச்சு இருந்த மட்டும் ஊதினாள். தங்கையும் விரலை எடுக்கவில்லை.