வேல்விழியின் வட்டம்

எங்கள் பனியன் கம்பெனியில் தைக்க வரும் பெண்களை எடுத்ததும், வரிசையாக மிஷின் போட்டுத் துணி தைக்கிற லைனில் உட்கார வைப்பதில்லை. லைனை ஒட்டிக் கண்ணாடி போட்ட பயிற்சி அறை ஒன்று இருக்கிறது. முதலில் ஊசியில் நூல் இல்லாமல் காகிதத்தில் தைக்க வேண்டும். அச்சடித்த கோட்டின் மேலேயே ஊசி ஓட்டை விழுந்தால் தேறியதாகக் கணக்கு. நேர்கோடு, சதுரம், வட்டம், அப்புறம் நூல், அப்புறம் துணி.

பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னை விட்டுவிட்டு முன்னே போனது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். இங்கேயும் அதே வேகம்தான். ஆனால் இங்கே பாடம் நம்மையும் இழுத்துக்கொண்டே ஓடுகிறது. "சனிக்கிழமைக்குள்ள எல்லாரும் லைனுக்கு வந்தாகோணும்" என்று மேனேஜர் இளங்கோ சார் சொல்லிவிட்டால், பயிற்சி கொடுக்கும் பிரிசில்லா டீச்சர் காலையில் வட்டம், மதியம் நூல், சாயங்காலம் துணி என்று முடித்துவிடுவார். நானும் அப்படித் தேறியவள்தான். நான் தைக்கும் டீ-சர்ட் கைகளில் பாதி, பிரித்துத் தைக்கச் சொல்லித் திரும்பி வரும்.

வேல்விழி மட்டும் வட்டத்தில் நின்றுபோனாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அவள் வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி வரும்.

"இந்தப் புள்ளைய என்ன பண்றதுங்க?" என்றார் இளங்கோ சார்.

"ஒருத்தியாவது சரியாக் கத்துக்கட்டுமுங்க சார்" என்று டீச்சர் கெஞ்சி, அவளை வட்டத்திலேயே விட்டுவைத்தார்.

வேல்விழிக்கோ அவசரம். லைனில் ஏறினவர்களுக்குத்தான் லீவு. ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா நெருங்கிவிட்டது.

"கொடைக்குப் போகலன்னா எங்கம்மா ஏசியே கொன்னுருவாக்கா" என்பாள்.

ஒருநாள் வட்டம் வந்துவிட்டது. ஓர் ஓட்டைகூடக் கோட்டை விட்டு விலகவில்லை. அன்றைக்கென்று வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிறவர்கள் வந்திருந்தார்கள். எங்கள் லைனை நடந்துகொண்டே பார்த்தார்கள். வேல்விழியின் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நின்று படம் எடுத்தார்கள்.

இளங்கோ சாருக்குத் தலைகால் புரியவில்லை. "டீச்சர், இவள லைனுக்கு அனுப்பீராதீங்க. யாரு வந்தாலும் காட்டலாம்."

"நல்லா வந்துட்டா, இனி லைனுக்குத்தானுங்களே சார் போகோணும்?"

"அங்க போனாக் கை கெட்டுப் போயிருமுங்க."

வேல்விழிக்குப் போட்டுக்கொள்ளப் புது யூனிஃபார்ம் கோட்டு கிடைத்தது. காலை முதல் மாலை வரை காகிதத்தில் வட்டம் போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த பெண்கள் கோணல்மாணலாகத் தைத்து, அவளைத் தாண்டி லைனுக்கு வந்தார்கள்.

டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டாள்: "ஒழுங்காத் தைச்சா புடிச்சு வைக்காவ. அப்பம் மோசமாத் தைச்சாத்தான் விடுவாவளோ?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்து டெல்லியிலிருந்து கம்பெனியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். இளங்கோ சார் பெருமையாக அவள் பக்கம் கையை நீட்டினார். அவள் மிஷினை மிதித்தாள். புறப்பட்ட வட்டம் பாதியில் திரும்ப மறந்து, காகிதத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"ஏங்கண்ணு, என்னாச்சு?"

"தெரியலையே சார். கை பழகிட்டு, மனசு அலுத்துட்டு."

அவர்கள் போனதும் சார் கத்தினார்: "இவளத் தூக்கி லைன்ல போடுங்க!" டீச்சர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தேறியதாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வேல்விழி என் பக்கத்து மிஷினுக்கு வந்தாள். கொடைக்கு லீவும் எழுதிக் கொடுத்துவிட்டாள். சந்தோஷமாகத் துணியை எடுத்தவள், மிஷினை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"யக்கா, இதுல நூலு எப்படிக் கோக்கணும்?"

எனக்கு அந்தப் பாடம் ஒரே மதியத்தில் முடிந்திருந்தது. நூல் அறுந்தால் இன்றுவரை மெக்கானிக்கைத்தான் கூப்பிடுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பார்த்துக் கையைத் தூக்கினோம்.