வலப்புறம் நிற்பவள்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்காதே என்பார்களே, எங்கள் அசாந்தே நாட்டில் அது பழமொழி இல்லை, சட்டம். இன்னொருவரின் பூர்வீகத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. போரில் பிடிபட்டவர்கள், சந்தையில் வாங்கப்பட்டவர்கள், பஞ்சத்தில் வந்து ஒண்டியவர்கள் என்று எல்லோரையும் முன்னோர்கள் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் எனக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். குமாசி அரண்மனை மியூசியத்தில் வழிகாட்டி. எது எங்கிருந்து வந்தது என்று காலை முதல் மாலை வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வாளுக்குச் சொல்லலாம், செருப்புக்குச் சொல்லலாம், மனிதருக்கு மட்டும் கூடாது. எனக்கோ வாய் நீளம். பதினாறு வருஷமாக இந்த வேலையில் எப்படி நிலைத்தேன் என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

அந்த வியாழக்கிழமை அடும்குரோமிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் அசியாமா. பனைமரம் போல உயரம், முப்பது வருஷம் ஹாம்பர்க்கில் இருந்துவிட்டுத் திரும்பியவர், நடையிலேயே அவசரம். பின்னால் ஃப்ரெமா, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, குள்ளம். ஒரே குடும்பம், வேறு கிளை; அசியாமா அவருக்குத் தாய்வழி மாமா முறை. இருவருக்கும் நடுவில், தங்கம் பூசிய கைத்தடியோடு கிழவர் ஜாபா. எல்லோருக்கும் அவர் ‘நானா’, அதாவது பெரியவர். ஊர்த் தலைவரின் பேச்சாளர். தலைவர் நேரடியாக யாரோடும் பேசமாட்டார், எல்லாம் இவர் வாய் வழியாகத்தான்.

அடும்குரோமின் ராஜமாதா போன வருஷம் ஊருக்குப் போய்விட்டார். பெரியவர்கள் செத்தார்கள் என்று நாங்கள் சொல்வதில்லை. தாய்வழியில் ராஜ ரத்தம் உள்ள பெண்ணுக்கே உரிய அந்தப் பீடத்துக்கு ஃப்ரெமாவின் பெயர் வந்திருந்தது. தன் அக்கா போவாடெமாவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அசியாமா குறுக்கே நின்றார். மியூசியத்தில் ஒரு பழைய புகைப்படம் இருக்கிறது, அதைப் பார்த்தால் யார் யாரென்று தெரியும் என்று பேச்சாளரைக் கையோடு இழுத்து வந்திருந்தார். புதுத் தலைவர் வயதில் சின்னவர், ஒன்றும் அறியாதவர். இன்று ஜாபா என்ன செய்தி கொண்டுபோகிறாரோ, அதன்படி மாலையில் தீர்ப்பு.

அலுவலக அறையில் உட்கார வைத்தேன்.

“நாலு தலைமுறையா எங்க கிளைக்கு ஒரு தடவைகூட பீடம் கிடைச்சதில்ல. ஏன்னு கேட்டா ஆளாளுக்குக் கூரையைப் பாக்கறாங்க. கூரையில என்ன, பதிலா தொங்குது?” என்றார் அசியாமா என்னிடம்.

“மாமா, அந்தம்மாவுக்கு எதுக்கு நம்ம வீட்டுக் கதை? அவங்க டிக்கெட் கிழிக்கிறவங்க,” என்றார் ஃப்ரெமா.

“டிக்கெட் கிழிக்கிறது கீழ, வாசல்ல. நான் வழிகாட்டி,” என்றேன். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். நடுவில் அந்தக் காலத்து அடும்குரோம் தலைவர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பெண் நிற்கிறாள். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குள்ளம்.

“நெட்டையா நிக்கறது எங்க கொள்ளுப்பாட்டி. அந்தக் குள்ளம் இவ அம்மாவோட கொள்ளுப்பாட்டி. சரிதானே?” என்று அசியாமா கேட்டார். ஃப்ரெமா தலையசைத்தார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. உடம்பே சாட்சி சொன்னது.

“பின்பக்கம் எழுதியிருக்காமே. திருப்புங்க.”

திருப்பினேன். தலைவரின் எழுத்தர் மை தொட்டு எழுதிய இரண்டே வரி. அசியாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்க. படிச்சா சட்டப்படி ஒரு ஆடு அபராதம் குடுக்கணும்,” என்றார் ஜாபா.

“ரெண்டாவே குடுக்கறேன் நானா. மாடு கேட்டாலும் சரி.” படித்துவிட்டார். “வலப்புறம், தலைவரின் கூடப்பிறந்தவள். இடப்புறம், சலாகா அடிமைச் சந்தையில் வாங்கப்பட்டவள்.”

படத்தை மறுபடி எங்கள் பக்கம் திருப்பினார். வலது ஓரத்தில் நெட்டை. இடது ஓரத்தில் குள்ளம்.

“பாத்தீங்களா? ராஜ ரத்தம் எங்கது. இவ பாட்டி சந்தைச் சரக்கு.”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஃப்ரெமாவுக்காக இல்லை, அசியாமாவுக்காக. தினமும் பள்ளிப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வதே இதைத்தான். அசாந்தேயில் வலது என்றால் பீடத்தில் உட்கார்ந்திருப்பவரின் வலது. வலது படை, இடது படை, விருந்தில் யார் எங்கே என்பது எல்லாம் அவர் கையை வைத்துத்தான். எதிரே நின்று பார்க்கிறவனின் கைக்கு இங்கே கணக்கே கிடையாது. தலைவரின் எழுத்தர் வேறு எப்படி எழுதியிருப்பார்? அந்தத் தலைவரின் வலது கைப்பக்கம் நிற்பவள் குள்ளம். சலாகாவில் வாங்கப்பட்டவள் நெட்டை. நாலு தலைமுறையாக எல்லோரும் ஏன் கூரையைப் பார்த்தார்கள் என்பது அப்போது எனக்கு விளங்கியது. பாவம், காரணத்தைச் சொல்ல முடியாத ஒரே காரியத்துக்குத்தான் மனிதர் காரணம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தேன். ஃப்ரெமாவின் பார்வை படத்திலேயே இருந்தது. பாடம் நடத்துகிறவர், அவருக்கும் தெரிந்துவிட்டது. ஜாபாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. அவருக்கு இது பிறந்ததிலிருந்தே தெரியும் போலிருந்தது.

“வழிகாட்டியம்மா, நீங்களே சொல்லுங்க. நான் படிச்சதுல தப்பிருக்கா?” என்றார் அசியாமா.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “ஐயா, வலதுன்னா யாரோட...” என்று ஆரம்பித்தேனா, மேசைக்கடியில் ஃப்ரெமா என் காலை ஓங்கி மிதித்தார். உயிர் போயிற்று. வாயை மூடிக்கொண்டேன்.

ஜாபா ஃப்ரெமாவைப் பார்த்தார். “உன் மாமா படிச்சதைக் கேட்டியே. நான் போய்த் தலைவர்கிட்ட அப்படியே சொல்லணும். உனக்கு ஏதாவது சொல்லணுமா?”

“ஒண்ணுமில்ல நானா.”

“பீடம் போயிடும்.”

“தெரியும்.”

“ஊர்ல உன்னை ஒரு மாதிரியாப் பேசுவாங்க. உன் பொண்ணையும்.”

ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பீடம் ஃப்ரெமாவுக்கு. எனக்கென்றால் இந்நேரம் மூன்று வாக்கியம் சொல்லி முடித்திருப்பேன். அவரோ மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, “பேசட்டும் நானா. மாமாவை எதிர்த்து நான் எதையும் சொல்லப் போறதில்ல,” என்றார். சற்று முன் பிடிக்காமல் போன அந்தப் பெண்ணை அந்த நிமிஷத்தில் எனக்கு அவ்வளவு பிடித்தது.

“சரி. தலைவருக்குச் சேதி கொண்டுபோகணும்னா முறைப்படி கேட்டாகணும்,” என்று ஜாபா பெரிய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தடியை முன்னால் ஊன்றினார். “தலைவர் இடத்துல இப்ப நான். அசியாமா, நீ என் வலப்பக்கம் வந்து நில்லு. ஃப்ரெமா, இடப்பக்கம்.”

அசியாமா விறுவிறுவென்று போய்த் தன் வலது கைப்பக்கமாக நின்றார்.

“அது என் இடது,” என்றார் ஜாபா.

“இதானே நானா வலது?”

“உனக்கு வலது. உட்கார்ந்திருக்கறவன் நான்.”

கிழவர் வேண்டுமென்றே செய்தாரா, வழக்கத்தில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாருடைய பூர்வீகத்தையும் அவர் சொல்லவில்லை. சட்டத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அசியாமா சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வர இரண்டடி வைத்தார். மூன்றாவது அடி வரவில்லை. மெதுவாக மேசைக்குப் போனார். படத்தை எடுத்தார். முகம் வெளியே தெரிய நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். இப்போது படத்திலிருந்த தலைவரும் அவரும் ஒரே திசையில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய வலது கை குள்ளமான பெண்ணின் பக்கத்தில் இருந்தது. இடது கைவிரல்கள் நெட்டையானவள்மேல் பட்டிருந்தன. குனிந்து அந்த இரண்டு கைகளையும் வெகுநேரம் பார்த்தார். கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“நானா, என் அக்கா பேரை எடுத்துடுங்க,” என்றார் கடைசியில்.

“ஏன்?”

“ஏனோ. எடுத்துடுங்க.”

ஜாபா அதற்குமேல் துருவவில்லை. “எடுத்தாச்சு,” என்று தடியைத் தரையில் ஒரு தட்டு தட்டினார்.

அசியாமா ஃப்ரெமாவிடம் வந்தார். அத்தனை உயரமும் குனிந்திருந்தது. “நான் படிச்சப்பவே உனக்குத் தெரிஞ்சுதா?”

“என்னது மாமா?”

“ஃப்ரெமா, மறைக்காதே. தெரியுமா, தெரியாதா?”

ஃப்ரெமா அவர் கையிலிருந்த படத்தை வாங்கி என்னிடம் கொடுத்தார். காலியான அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“எங்க அம்மா உங்களை அண்ணான்னுதான் கூப்பிடுவா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா.”